எழுபத்தெட்டு டிகிரி

லேப்டாப் பழுது பார்க்கும் தொழிலில் இருபத்திரண்டு வருடம் ஓட்டிவிட்டேன். இதில் மனிதர்களைப் பற்றி நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான், எல்லோரும் பொய் சொல்வார்கள். கீபோர்டில் தண்ணீரைக் கொட்டிவிட்டு, "தானா நின்னுடுச்சுங்க" என்பார்கள். மாடிப்படியில் உருட்டிவிட்டு, "மேஜை மேலதான் இருந்துச்சு, தொடவே இல்ல" என்பார்கள். நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் எல்லாம் வெளியே வந்துவிடும். ஒரு பொய்கூடச் சொல்லாமல் என் கடைக்கு வந்து போனவர் டிகிரி சார் ஒருவர்தான். அவரிடம் நான் சொன்ன பொய்யைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

டிகிரி சார் என்பது நானும் பக்கத்துச் சாவிக்கடைக்காரரும் வைத்த பெயர். படித்து வாங்கிய டிகிரி எதுவும் அவரிடம் கிடையாது. வயது ஐம்பத்தாறு. ஒல்லியான உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில், பேசும்போது எதிரில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம். சமையலறை அலமாரிகள் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருடம் படம் போட்டவர். வாடிக்கையாளர் வந்து "இங்க அடுப்பு, இங்க ஜன்னல்" என்று கையை ஆட்டிவிட்டுப் போவார். இவர் மூன்று நாளில் அந்தச் சமையலறையைத் திரையில் கட்டி வைத்திருப்பார். குழாயில் வெளிச்சம் மின்னும், அலமாரிக் கண்ணாடியில் எதிர்ச் சுவர் தெரியும். நிஜமாகக் கட்டிய பிறகுகூட அவ்வளவு அழகாக இராது என்று வாடிக்கையாளர்களே சண்டை போட்டிருக்கிறார்களாம்.

கம்பெனி ஒருநாள் மூடப்பட்டது. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆளுக்கொரு பொருள் கொடுத்து அனுப்பினார். தச்சருக்குத் துளை போடும் மெஷின். கணக்கெழுதும் பெண்ணுக்கு அவள் உட்கார்ந்த நாற்காலி. இவருக்கு, இவர் படம் போட்ட லேப்டாப். அதற்குள் இருந்த படம் போடும் புரோகிராம் அந்த ஒரு பெட்டியில் மட்டுமே திறக்கும். வேறு பெட்டிக்கு மாற்றினால் திறக்காது, இந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும் போர்டை மாற்றினாலும் திறக்காது. அதைச் செய்து விற்ற கம்பெனியும் எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. புதுப் புரோகிராம் கற்றுக்கொள்ளலாமே என்று நான் கேட்டதற்கு, ஒரு பெரிய கடையில் போய் அரைநாள் உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்னார். அங்கே இருந்தவர்களுக்கெல்லாம் இவருடைய வயதில் பாதிகூட இல்லை.

"கை வேற எதுக்கும் போக மாட்டேங்குது தம்பி. ஒரு கதவு போட அரைமணி நேரம் தேடினேன். பக்கத்துல இருந்த பொண்ணு பாவம் பாத்து அவளே போட்டுக் குடுத்துட்டா. எந்திரிச்சு வந்துட்டேன்."

ஆக, அந்தப் பெட்டி ஓடும் வரைக்கும் அவருக்குத் தொழில் இருக்கும், நின்றால் தொழிலும் நிற்கும். இரண்டு மூன்று மரவேலைக்காரர்கள் கொடுத்த வேலையை வீட்டில் வைத்துச் செய்துகொண்டிருந்தார்.

முதல்முறை அவர் வந்தது, பெட்டி கையைச் சுடுகிறது என்று. திறந்தேன். உள்ளே ஃபேனில் தூசி கம்பளிபோலப் படிந்திருந்தது. துடைத்துக் கொடுத்தேன். அத்தோடு போயிருக்க வேண்டியவர், அடுத்த வாரமே வந்தார். "சுடுற மாதிரியே இருக்கு, தொட்டுப் பாருங்களேன்." அதற்கடுத்த வாரமும் வந்தார். என் கையைப் பிடித்து இழுத்துப் பெட்டியின் அடியில் வைப்பார். ஜுரம் பார்க்கிற டாக்டர் மாதிரி நான் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "ஒண்ணுமில்ல சார்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நகர மாட்டார்.

ஒருநாள் மேஜையில் நாலு பெட்டி திறந்து கிடக்கிறது, ஒரு ஆள் தன் படங்களெல்லாம் அழிந்துபோனதற்கு நான்தான் காரணம் என்று கத்திக்கொண்டிருக்கிறார், அந்த நேரம் பார்த்து டிகிரி சார் வந்து என் கையைத் தேடினார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கடுப்பு வந்ததோ. இந்த மனுஷரை எப்படியாவது ஒழித்துக்கட்ட வேண்டும் என்றுதான் இலவசமாகக் கிடைக்கும் ஒரு புரோகிராமை அதில் ஏற்றினேன். பெட்டியின் உள்சூட்டை நொடிக்கு நொடி எண்ணாகக் காட்டும். மொத்தம் மூன்று வரி. முதல் வரி, வேலையெல்லாம் செய்யும் மூளைக்கு, அதாவது பிராசஸருக்கு. இரண்டாவது ஹார்ட் டிஸ்க்குக்கு. மூன்றாவது, திரையில் படம் வரவழைக்கும் தனிச் சிப்புக்கு. அவர் பார்த்துவிட்டு, ஜன்னல் மாதிரி இவ்வளவு பெரிசாக நின்றால் படத்தை மறைக்குமே என்றார். நான் அதைப் பிடித்துச் சுருக்கி, ஒரே ஒரு வரி தெரிகிற அளவுக்கு, வலப்பக்க மேல்மூலையில் ஒட்டவைத்தேன்.

"இந்த நம்பர் தொண்ணூறத் தாண்டாம பாத்துக்குங்க சார். தாண்டாத வரைக்கும் எங்கிட்ட வரவே வேணாம்."

"இது ஒண்ணு பாத்தா போதுமா?"

"போதும் போதும்."

கீழே இன்னும் இரண்டு வரி ஒளிந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. சொன்னால் இன்னும் கால்மணி நேரம் நிற்பார் என்று தெரியும், அதனால் சொல்லவில்லை.

அதன்பிறகு அவர் கடைக்கு வரவில்லை, போனில் வந்தார். தினமும் காலை பதினோரு மணிக்குப் போன் அடிக்கும். "தம்பி, அறுபத்தி நாலு!" பரீட்சையில் வாங்கிய மார்க்கைச் சொல்கிற குரல். "நல்லது சார்" என்று நான் வைத்துவிடுவேன். இரண்டு வார்த்தைதான். கடைக்கு வந்து நிற்பதற்கு இது எவ்வளவோ மேல். சாவிக்கடைக்காரர், "இன்னிக்கு எவ்வளவாம்?" என்று கேட்பார். "அறுபத்தாறு." "அடடா, மாத்திரை குடுக்கச் சொல்லு." இருவரும் சிரிப்போம்.

ஒருதடவை கட்டாயப்படுத்தி வீட்டுக்குக் கூட்டிப்போனார், தான் செய்திருக்கிற ஏற்பாட்டைப் பார்க்கச் சொல்லி. உச்சிமாடியில் இரண்டே அறை. கூரையில் விழுகிற வெயில் அப்படியே தலைக்குள் இறங்கியது. மேலே தொங்கிய ஃபேன் எப்போதோ நின்று போனது. மேஜையைத் தூக்கி, வெயில் விழாத சுவரோரம் போட்டிருந்தார். இரண்டு மரக்கட்டைகளில் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி, அடியில் காற்று போகும்படி பெட்டியை அதன்மேல் நிறுத்தியிருந்தார். வீட்டில் இருந்த ஒரே ஸ்டாண்ட் ஃபேன், பெட்டியின் இடப்பக்கக் காற்றுத் துவாரத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. மேஜைமேல் கோடு போட்ட நோட்டு ஒன்று. மணிக்கு மணி சூடு எழுதியிருந்தது. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை "ஓய்வு" என்று எழுதியிருந்தது. ஓய்வு அவருக்கல்ல, பெட்டிக்கு.

அவருடைய மனைவி எதிர்ச்சுவரில் சாய்ந்து, கழுத்தில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு, காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நல்ல சிரித்த முகம்.

"பாத்தீங்களா தம்பி, அதுக்கு நடக்கிற உபசாரத்துல கால்வாசி எனக்கு நடந்திருந்தா, நான் இன்னும் பத்து வருஷம் சின்னவளா இருந்திருப்பேன்."

"உனக்குத்தான் வாய் இருக்கே" என்றார் டிகிரி சார். "சுட்டா சுடுதுன்னு சொல்லிடுவ. அதுக்கு வாய் இல்லையே, நாமதான பாத்துக்கணும்."

மூவரும் சிரித்தோம். எனக்கும் அந்த வீடு பிடித்துத்தான் இருந்தது.

அந்த வருடக் கோடையில் அவருக்குப் பெரிய வேலை ஒன்று வந்தது. ஒரு கட்டடத்தில் நாற்பது வீடு, நாற்பது சமையலறை, எல்லாவற்றுக்கும் படம். இதை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் இனி எல்லாக் கட்டடத்துக்கும் அவர்தான் என்று மரவேலைக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். போனில் குரலே மாறியிருந்தது. "தம்பி, எழுபத்தி ரெண்டு. இன்னிக்கு ஒம்பதாவது வீடு." வெளிச்சமும் நிழலுமாக ஒரு படத்தை முழுசாக வரவழைக்க அந்தப் பெட்டி நாற்பது நிமிடம் மூச்சுப் பிடித்து ஓட வேண்டும். அந்த நாற்பது நிமிடமும் மூளை சும்மா பக்கத்தில் நிற்கும். பாரம் முழுவதும் படச் சிப்பின் தலையில்தான். தொழில் தெரிந்தவனுக்கு இது பாலபாடம். எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. எழுபத்தி ரெண்டு என்றார், நல்லது சார் என்றேன்.

இருபத்து மூன்றாவது வீட்டில் நின்றது. வெயில் கொளுத்துகிற ஒரு மாலை நாலரை மணிக்கு, பெட்டியைத் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். திரையில் வண்ணக் கோடுகள் ஓடின, பிறகு கறுத்துவிட்டது என்றார். அக்குளில் அந்த நோட்டு.

"எழுபத்தெட்டுதான் தம்பி. தொண்ணூறத் தொடவே இல்ல. நான் கண்ண எடுக்கவே இல்ல."

திறந்தேன். இடப்பக்கம் மூளையின் ஃபேன் கண்ணாடி மாதிரி சுத்தம். வலப்பக்கம், அந்த ஸ்டாண்ட் ஃபேனின் காற்று போகவே போகாத மூலையில், படச் சிப்பின் சூட்டை இழுத்துக் கடத்த அதன் மேல் தடவியிருந்த பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருந்தது. சுற்றிலும் போர்டு பழுப்பேறிக் கிடந்தது. தூசியை மட்டும் துடைத்துக் கொடுத்தேனே, அன்றைக்கு இந்தப் பக்கமும் திறந்து பேஸ்ட்டைப் புதுப்பித்திருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி என் பெட்டியில் மாட்டிப் பார்த்தேன். சூடு காட்டும் அந்தப் புரோகிராம் தன் பாட்டுக்கு எல்லாவற்றையும் எழுதிவைத்திருந்தது. முதல் வரி எழுபத்தி இரண்டு, எழுபத்தி நாலு. மூன்றாவது வரி தொண்ணூற்றெட்டு, நூறு, நூற்று மூன்று. ஒருநாள் இரண்டுநாள் இல்லை, மாதக்கணக்கில்.

டிகிரி சார் அதைப் பார்க்கவில்லை. அவர் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, இதப் பாருங்க. மூணு பத்துக்கு ஃபேன் திரும்பியிருக்கு. பதினோரு நிமிஷம். நான் பாத்ரூம்ல இருந்தேன். வந்து பாத்தா எழுபத்தெட்டு. இதுக்கு முன்னாடி எழுபத்தஞ்சத் தாண்டினதே கிடையாது. இதுதான் காரணமா?"

நான் வாயைத் திறந்திருந்தால் போதும். கடையில் அப்போது இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னால், நான் சொல்லாமல் விட்டதால் ஒருவருடைய தொழில் போயிற்று என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"இருக்கலாம் சார்" என்றேன்.

ஃபேனை யார் திருப்பியது என்று நான் கேட்கவில்லை. சிப்பை மாற்ற முடியாது, போர்டை மாற்றினால் அவருடைய புரோகிராம் திறக்காது என்பதை மட்டும் சொன்னேன். பெட்டியை அதே துண்டில் சுற்றிக்கொண்டு போனார். ஹார்ட் டிஸ்க் என் மேஜையிலேயே தங்கிவிட்டது. மறுநாள் பதினோரு மணிக்குப் போன் வரவில்லை. இன்றைக்கு எவ்வளவு என்று சாவிக்கடைக்காரர் கேட்டபோது, எனக்கு வேலை இருக்கிறது என்று எரிந்து விழுந்தேன்.

மூன்று வாரம் கழித்து, கடை திறந்த கையோடு அவருடைய மனைவி வந்தார். வேறு வாடிக்கையாளர் போகும்வரை வாசலிலேயே நின்றுவிட்டு அப்புறம்தான் உள்ளே வந்தார். சிரித்த முகம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"தம்பி, ஒண்ணு கேட்டா உண்மையச் சொல்லுவீங்களா?"

"சொல்லுங்கக்கா."

"பதினோரு நிமிஷம் ஃபேன் இல்லன்னா ஒரு மெஷின் செத்துப்போயிடுமா?"

கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மேஜையில் வைத்தேன்.

"எனக்கு அந்த வயசு தம்பி. உங்களுக்கும் அக்கா தங்கச்சி இருப்பாங்க, தெரிஞ்சிருக்கும். சும்மா இருக்கும்போதே உள்ளயிருந்து தீ மாதிரி கெளம்பும். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். அன்னிக்குக் கண்ணு இருட்டிடுச்சு. அவரும் பக்கத்துல இல்ல. விழுந்துடுவேனோன்னு பயந்துதான் ஃபேன என் பக்கம் திருப்பினேன். கொஞ்சம் தெளிஞ்சதும் மறுபடி அங்கயே திருப்பி வெச்சுட்டேன். அவர் வந்ததும் மறைக்காம சொல்லிட்டேன்."

"அவர் ஏதாச்சும் திட்டினாரா?"

"திட்டியிருந்தாத்தான் பரவாயில்லையே. 'கடைக்காரத் தம்பியும் அதான் சொல்றாரு'ன்னு ஒருதடவ சொன்னாரு. அவ்வளவுதான். மூணு வாரம் ஆச்சு, எங்கிட்ட ஒரு வார்த்த இல்ல. வெச்சா சாப்பிடுறாரு. அந்த நோட்ட, அந்தப் பக்கத்த விரிச்சு முன்னால வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. மீதி வேலைய மரவேலக்காரர் வேற யாருக்கோ குடுத்துட்டாரு. இருபத்தாறு வருஷத் தொழில நான் பதினோரு நிமிஷத்துல அழிச்சுட்டேனா தம்பி?"

"இல்லக்கா."

"அப்ப ஏன் இருக்கலாம்னு சொன்னீங்க?"

கடைக் கதவை இழுத்துப் பூட்டினேன். ஹார்ட் டிஸ்க்கையும் என் லேப்டாப்பையும் பையில் போட்டுக்கொண்டு அவரோடு கிளம்பினேன். மாடிப்படியில் அந்த அக்கா இரண்டு தடவை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டிகிரி சார் மேஜைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். மரக்கட்டைகள் இரண்டும் அப்படியே இருந்தன. பெட்டி, துண்டோடு, கட்டிலில் கிடந்தது. ஸ்டாண்ட் ஃபேன், பிளக் கழற்றிக் கிடக்க, அந்த மரக்கட்டைகளைப் பார்த்தபடி இருந்தது. அறையில் நெருப்பு மாதிரி அனல். மூன்று வாரமாக அந்த அக்கா ஃபேனைத் தொடவே இல்லை என்பது எனக்குப் புரிந்தது.

உட்காரச் சொல்வதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். மூன்று வரி இருந்தது, நான் ஒன்றைத்தான் காட்டினேன், தப்பு என்னுடையது, அக்கா ஃபேனைத் திருப்பாவிட்டாலும் அது அந்த வாரமோ அடுத்த வாரமோ நின்றிருக்கும் என்று. என் பெட்டியில் அதே புரோகிராமைத் திறந்து, முதலில் ஒரு வரியாகச் சுருக்கிக் காட்டினேன். பிறகு ஓரத்தைப் பிடித்துக் கீழே இழுத்து மூன்று வரியும் காட்டினேன். அவருடைய டிஸ்க்கில் இருந்த பழைய எண்களையும் காட்டினேன்.

அவர் மவுஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஓரத்தை மேலே இழுத்தார், கீழே இழுத்தார், மறுபடி மேலே இழுத்தார். ஒரு வரி, மூன்று வரி, ஒரு வரி.

"இவ்வளவுதானா தம்பி?"

"இவ்வளவுதான் சார்."

"நான் கேட்டேனே. இது ஒண்ணு போதுமான்னு கேட்டேன்ல?"

"கேட்டீங்க சார். நான்தான் போதும்னேன்."

அவர் என்னை அடித்திருக்கலாம். வாய்க்கு வந்தபடி பேசியிருக்கலாம். நான் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன்.

"நீங்க பாவம், வேலையா இருந்தீங்க. அன்னிக்குக் கடையில கூட்டம்" என்றார். "நான்தான் ஓயாம வந்து உங்க உயிர வாங்கினேன்."

அதைக் கேட்டுக்கொண்டு அங்கே நின்ற என்னைவிடப் பெரிய பாவி யாரும் இருக்க முடியாது. அவர் எழுந்துபோய் ஸ்டாண்ட் ஃபேனைத் தூக்கினார். சுவரோரம் உட்கார்ந்திருந்த மனைவிக்கு நேராகக் கொண்டுவந்து வைத்து, பிளக்கைச் செருகி, சுவிட்சைப் போட்டார். காற்றில் அந்த அக்காவின் நெற்றி முடி பறந்தது. அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உனக்கு அவ்வளவு முடியலன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார் டிகிரி சார். மூன்று வாரத்தில் மனைவியிடம் அவர் பேசிய முதல் பேச்சு.

"சொன்னேன்" என்றார் அந்த அக்கா. "வருஷம் பூரா சொன்னேன். நீங்க நம்பரப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

டிகிரி சாரின் கை இன்னும் ஃபேன் கம்பியிலேயே இருந்தது. நான் என் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன்.

இப்போது இரண்டு மாதம் ஆகிறது. அவருடைய பெட்டியை வாங்கி வந்து, முடியாது என்று தெரிந்தும் பழைய பெட்டிகளிலிருந்து சிப் எடுத்து ஒட்டிப் பார்த்தேன், தெரிந்தவர்களிடமெல்லாம் அனுப்பிப் பார்த்தேன், அது எழவில்லை. நேற்று காலை பதினோரு மணிக்குப் போன் அடித்தது. அவருடைய எண். எடுத்தேன்.

"ஒண்ணுமில்ல தம்பி. பழக்கத்துல கை போயிடுச்சு."

"எப்படி இருக்கீங்க சார்?"

"இருக்கேன். சும்மாதான் உக்காந்திருக்கேன்."

"அக்கா?"

பின்னால் ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா. போய் ஒரு மாசம் ஆச்சு. எப்ப வருவேன்னு சொல்லிட்டுப் போகல" என்றார். "ஃபேன அவ பக்கமே வெச்சிருக்கேன் தம்பி. சுவர்ப் பக்கம்."

பழக்கத்தில் வாயில் வந்தது "நல்லது சார்" என்பதுதான். சொல்லிவிட்டேன்.